போன மாதத்து நிலா

பூந்தமல்லி கரையான்சாவடியில் புதிதாகத் திறந்திருந்த அந்தக் கடையின் பெயர்ப் பலகையில் இரண்டு வரிகள் இருந்தன. மேல் வரியில் 'வஹீதா உணவகம்'. கீழ் வரியில், அதைவிடப் பெரிய எழுத்தில், 'சுத்த சைவம்'. இந்த இரண்டு வரிகளும் சேர்ந்துதான் ஐந்து நாளாகக் கடைக்குள் ஆள் வராமல் பார்த்துக்கொண்டன. மேல் வரியைப் பார்த்துப் பிரியாணி ஆசையோடு வந்தவர்கள் கீழ் வரியைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். கீழ் வரியைப் பார்த்து வந்தவர்கள் மேல் வரியைப் படித்துவிட்டு, ஒரு நிமிடம் யோசித்து, பக்கத்துத் தெருவுக்கு நடந்தார்கள்.

நடேசன் இரண்டு வரிகளையும் படித்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். சாவித்திரி ஒன்றையும் படிக்கவில்லை. அவள் கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் புரை. தீபாவளி முடிந்ததும் அறுவை செய்துகொள்வதாகச் சொல்லி, தீபாவளி முடிந்த பிறகு பொங்கல் முடியட்டும் என்றாள்.

"தெரியுதாங்க?"

"மேகமா இருக்கு. உள்ள போய் உக்காரலாம், வா. நிக்காதே."

அன்று சங்கடஹர சதுர்த்தி. காலையில் ஒரு டம்ளர் பால் குடித்தவள், பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. இரவு நிலாவைக் கண்ணால் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. பதினோரு சதுர்த்தி இருப்பதாகப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். இது பதினோராவது. எதற்காக வேண்டிக்கொண்டாள் என்று நடேசன் ஒருநாளும் கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பானேன்?

வர்ஷா அவர்களுடைய ஒரே பெண். போன வருஷம் கார்த்திகையில், ஆபீஸ் பயிற்சி என்று சொல்லி மைசூருக்குக் கிளம்பியவள், நான்காம் நாள் கூட வேலை பார்க்கும் ராகவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். நடேசன் கத்தவில்லை. "கல்யாணம் பண்ணிக்கிட்டது தப்பில்ல. பொய் சொன்னே பாரு, அதுதான். இனிமே உன் வார்த்தையை நான் நம்பறதா இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவருக்கு உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. அளவில் ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் 'தள்ளு' என்று சிவப்பு மை போட்டு ஓரமாக வைத்துவிடுவார். இருபத்தேழு வருஷப் பழக்கம். அப்படி மகளை ஓரமாக வைத்து இப்போது பதினோரு மாதம் ஆகிறது. வர்ஷா வேப்பம்பட்டில் குடியிருக்கிறாள். பூந்தமல்லியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சாவித்திரி தினமும் மத்தியானம் மகளோடு பேசுவாள். அது நடேசனுக்குத் தெரியும். தெரியும் என்பது சாவித்திரிக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம் நடேசனுக்கு மட்டும்தான் தெரியும். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

போன மாதச் சதுர்த்தியன்றும் இப்படித்தான் மழை மூட்டம். மணி பத்தாகியும் நிலா வரவில்லை. சாவித்திரிக்குச் சர்க்கரை உண்டு. மொட்டைமாடியில் நின்றவள் தலை சுற்றிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிழக்கே மெட்ரோ வேலைக்கு நிறுத்தியிருந்த கிரேனின் உச்சியில் ஒரு மஞ்சள் விளக்கு, மூட்டத்தில் வட்டமாகப் படர்ந்து எரிந்துகொண்டிருந்தது. நடேசன் அதைக் காட்டி, "அதோ பார், வந்துட்டுது" என்றார். சாவித்திரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ரெண்டு மூணா தெரியுதுங்க, ஆனா தெரியுது" என்று சிரித்தாள். அந்த விளக்குக்குச் சொம்புத் தண்ணீரை வார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டாள். உடம்பு தேறியது. நடேசனுக்குத்தான் அன்றிலிருந்து கொழுக்கட்டை தொண்டையில் நின்றது நின்றபடி இருக்கிறது.

அதனால்தான் இன்றைக்கு, "நீ அடுப்புக்கிட்ட போகவேண்டாம், புதுசா திறந்திருக்கிற கடையில சாப்பிடலாம்" என்று அழைத்து வந்தார். அவரால் முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

கடைக்குள் பெயின்ட் வாசனை போகவில்லை. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஏழு மேஜைகள், ஒன்றிலும் ஆளில்லை. கல்லாவில் இருந்தவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் பின்னால் சாய்ந்தது. வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, அதற்குப் பொருந்தாத சின்னப் பையன் சிரிப்பு. அவர்தான் கடைக்காரர் ஷவுகத் அலி.

"வாங்க சார், வாங்கம்மா! உக்காருங்க. முன்னாடியே சொல்லிடறேன், பிரியாணி இல்ல. அத்தக் கேட்டுட்டுத் திரும்பிப் போனவங்க இன்னிக்கு மட்டும் பதினேழு பேரு."

"நாங்க சைவம்தான் பாய்" என்றார் நடேசன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ஷவுகத் அலி, காணாமல் போன பிள்ளை கிடைத்தது போல. "பில்டிங் ஓனர் பார்த்தசாரதி சார் ஒரே கண்டிசன். கடை தர்றேன், கறி கூடாதுன்னுட்டாரு. எங்க ஊட்ல சொன்னா, கறி இல்லாட்டி இன்னா, இடியாப்பம் என் கையில கீது, தேங்காப்பால் கீதுன்னா. நம்பி எறங்கிட்டேன். வஹீதா! ரெண்டு பேர் வந்துகீறாங்க!"

சமையல் அறையிலிருந்து அவர் மனைவி வஹீதுன்னிசா எட்டிப் பார்த்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்ட கையில் மாவு. "இடியாப்பம் இருக்கு, கல் தோசை இருக்கு, குருமா இருக்கு அக்கா. இடியாப்பத்தை அப்பப்பதான் பிழியறேன். பிழிஞ்சு வெச்சா கயிறாயிடும்."

சாவித்திரி தயங்கினாள். "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே. நான் இன்னிக்கு விரதம். நிலாவைப் பாத்துட்டுத்தான் சாப்பிடணும். கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தா பரவாயில்லையா?"

ஷவுகத் அலியின் முகம் மாறியதை நடேசன் பார்த்தார். வியாபாரம் தள்ளிப்போகிறதே என்று மாறிய முகம் இல்லை அது. வெளியூரில் தன் தெருக்காரனைக் கண்டவன் முகம்.

"பிறை பாக்கணுமா? அட! அத்த எங்கிட்ட சொல்லுங்க. நாப்பது வருசமா நான் பாத்துகினு கீறது அதுதானே!"

"இது பிறை இல்ல பாய், பௌர்ணமி கழிஞ்ச நாலாம் நாள்" என்றார் நடேசன்.

"அப்ப முக்கா தட்டு! எங்களுது நகக்கீத்து மாதிரி வரும், பத்து நிமிசத்துல ஓடிடும். உங்களுது ராத்திரி பூரா நிக்கும். ரொம்ப சவுகரியம்மா உங்க சாமி." பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி, "காலண்டர்ல டைம் போட்டுருப்பானே? அத்த வெச்சு முடிச்சுக்கக் கூடாதா?"

"எட்டு அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. அது ஆயிட்டுது. ஆனா கண்ணால பாக்காம நான் முடிச்சதில்லைங்க."

ஷவுகத் அலி சமையல் அறைப் பக்கம் திரும்பிக் கூவினார். "வஹீதா, கேட்டியா? காலண்டரா கண்ணான்னு இவங்க ஊட்லயும் நம்ம பிறைச் சண்டைதான்!"

வஹீதுன்னிசா ஈரத் துணியால் மாவை மூடி, தட்டு போட்டு, அதன்மேல் ஒரு சின்ன அம்மியை வைத்துவிட்டு வெளியே வந்து சாவித்திரிக்கு எதிரில் உட்கார்ந்தாள். "மாவு காத்திருக்கும் அக்கா. அடுப்பைச் சிறுசா வெச்சிருக்கேன். பத்தரைக்கு மூடுவோம், இன்னிக்குப் பதினொண்ணு ஆகட்டுமே. எங்களுக்கும் இன்னும் சாப்பாடு ஆகல."

"நீங்க சாப்பிடுங்கம்மா, எனக்காக எதுக்கு?"

"எதிர்ல ஒருத்தங்க நோம்பா இருக்கறப்ப சோறு எறங்குமா?" என்றாள் அவள். பேச்சை அதோடு முடித்துக்கொண்டு, எந்தக் கடையில் எவ்வளவு நல்ல தேங்காய் கிடைக்கிறது என்று ஆரம்பித்தாள். சாவித்திரியின் முகம் தெளிந்தது. பசித்த வயிற்றுக்குப் பேச்சுத் துணை எவ்வளவு பெரிய உணவு என்பது விரதம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மணி ஒன்பதே முக்கால் ஆயிற்று. நடேசன் நாலு தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாவித்திரி மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"எங்க பக்கம் ஒரு வழி வெச்சிருக்காங்க" என்றார் ஷவுகத் அலி. "எல்லாரும் பாக்கணும்னு இல்ல. நம்பிக்கையான ஒரு ஆளு 'நான் பாத்தேன்'னு சாட்சி சொன்னா எடுத்துக்குவோம்."

சாவித்திரி நிமிர்ந்தாள். "அப்படின்னா எனக்குச் சாட்சி இவர் இருக்காரே. கண்ணு சரியில்லாததால போன மாசம்கூட இவர்தான் பாத்துச் சொன்னார். நான் அதைப் பாத்துத்தான் கும்பிட்டேன்."

நடேசன் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். அது காலியாக இருந்தது.

"அப்ப எழுந்திருங்க சார், மாடிக்குப் போலாம். சாவி எங்கிட்டதான் கீது."

மூன்று மாடி ஏறினார்கள். மழை நின்றிருந்தது. மொட்டைமாடித் தரையில் தேங்கிய தண்ணீரில் ஷவுகத் அலி பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்தார். போரூர்ப் பக்கம் வானம் ஈயம் பூசியது போல இருந்தது. அதன் கீழே, ஏதோ தனக்குச் சம்பந்தமில்லாதது போல, கிரேன் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"அத்தப் பாத்தீங்களா?" என்றார் ஷவுகத் அலி. "கட திறந்த அன்னிக்கு நானே நிலான்னு நெனச்சேன். தொப்பியச் சரிபண்ணிகினு துவா கேக்கப் போயிட்டேன். அப்புறம் பாத்தா கிரேன்!" வயிறு குலுங்கச் சிரித்தார். நடேசன் சிரிக்கவில்லை.

"எங்க பள்ளிவாசல்ல தொழ வெக்கிற அஜ்ரத்து ஒருத்தர் இருந்தாரு சார். பிறை பாக்க அம்பது பேர் மாடியில நிப்போம். ஒருத்தன் 'அதோ!'ம்பான். உடனே பத்து பேர், 'ஆமா, தெரியுது தெரியுது'ம்பானுங்க. அஜ்ரத்து ஒவ்வொருத்தனாக் கூப்ட்டுக் கேப்பாரு. 'நீ பிறையப் பாத்தியா, பாத்தவனப் பாத்தியா?' பத்துல எட்டு பேர் தலையச் சொறிவானுங்க."

"பொய்யா சொல்லிட்டா?"

"நம்பி நோம்பு தொறந்தவங்க மேல ஒண்ணும் இல்ல சார். எல்லாம் சொன்னவன் தலையில. ஊரு நோம்பு மொத்தமும் அவன் ஒருத்தனே சுமக்கணும்." ஷவுகத் அலி வானத்தை இன்னொரு தரம் துழாவிவிட்டுக் கையை விரித்தார். "இல்ல சார். இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். அம்மா தாங்குவாங்களா?"

தாங்கமாட்டாள். அது நடேசனுக்குத் தெரியும். படி இறங்கும்போது அவருக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். ஒருவன், 'பாத்தேன்னு ஒரு வார்த்தை. அவ பொழைச்சுப் போகட்டும். பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டார்' என்றான். மற்றவனோ, சொம்புத் தண்ணீரை வார்த்து ஒரு கிரேனைக் கும்பிட்ட சாவித்திரியின் கையை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினான்.

கீழே வந்ததும் சாவித்திரி கேட்டாள். "தெரிஞ்சுதாங்க?"

அவர் என்ன சொன்னாலும் நம்பிவிடும் முகம். முப்பது வருஷமாக அப்படி நம்பிய முகம். நடேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிரீச்சிட்டது.

"தெரியல சாவித்திரி." பிறகு, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்தவர் போல, ஒரே மூச்சில் சொன்னார். "போன மாசமும் தெரியல. நான் காட்டினது நிலா இல்ல. கிரேன் லைட்டு. உனக்குத் தலை சுத்திச்சு. வேற வழி தெரியல. பொய் சொல்லிட்டேன்."

சமையல் அறையில் இட்லிப் பாத்திரத்தின் மூடி மட்டும் ஆவியில் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் கும்பிட்டது..."

"கிரேனை."

வஹீதுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிப்பு என்று தெரிந்தது. சாவித்திரி அவளைப் பார்த்தாள், கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. விரல்விட்டு எண்ணினாள்.

"அப்ப இது பதினொண்ணு இல்ல. பத்துதான்."

"உங்க நோம்பு எங்கயும் போகல அக்கா" என்றாள் வஹீதுன்னிசா, சிரிப்பைத் துடைத்துக்கொண்டு. "நம்பிச் சாப்பிட்டவங்க நோம்பு கெடாது."

"அது இருக்கட்டும்மா." சாவித்திரி கணவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "நான் மயக்கம் போட்டுடுவேனோன்னு பயந்து நீங்க ஒரு பொய் சொன்னீங்க. சரி. நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்து அவளும் ஒரு பொய்தான் சொன்னா. உங்களை நான் தள்ளி வைக்கலாமா, சொல்லுங்க?"

இந்தப் பதினோரு மாதமாக நடேசன், 'முன்னாடியே கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பேனே' என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். சம்மதித்திருப்பாரா? தொழிற்சாலையில் அளவுகோலை வைப்பது போல இப்போதுதான் முதல்முறையாகத் தன்மேல் வைத்துப் பார்த்தார். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"யாரு அக்கா?" என்றாள் வஹீதுன்னிசா.

"என் பொண்ணு. வர்ஷா. வேப்பம்பட்டுல இருக்கா. அப்பாவும் பொண்ணும் பேசிக்கறதில்லை."

"வேப்பம்பட்டா?" வஹீதுன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. "என் தங்கச்சி சபீனா பட்டாபிராம்ல இருக்கா. இப்பதான் போன் பண்ணா, அந்தப் பக்கம் மழை விட்டு நட்சத்திரம் தெரியுதுன்னா. வேப்பம்பட்டு இன்னும் அந்தாண்டதானே? உங்க பொண்ணை மாடிக்குப் போய்ப் பாக்கச் சொல்லுங்களேன்!"

"வெளியூர் பிறையா!" ஷவுகத் அலி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு ஊர்ல பாத்தது இன்னொரு ஊருக்குச் செல்லுமான்னு எங்க ஆளுங்க அடிச்சுக்காத வருசமே கெடையாது. உங்களுக்குச் செல்லுமாம்மா?"

சாவித்திரி கொஞ்சம் யோசித்தாள். "வானம் ஒண்ணுதானே பாய். செல்லும்."

அவள் கைப்பையில் போன் இருந்தது. நடேசன் அதைப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை. மேஜைமேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளுத்த உதட்டில், இவ்வளவு பசியிலும், ஒரு பிடிவாதம்.

"நான் பேச மாட்டேன். சாட்சியை நீங்கதான் விசாரிக்கணும்."

நடேசன் தன் போனை எடுத்தார். எண்ணை அழித்திருக்கவில்லை. 'வர்ஷா குட்டி' என்று அவள் கல்லூரியில் சேர்ந்த அன்று பதிந்தது அப்படியே இருந்தது. விரல் ஒருமுறை விலகிப் போய் மறுபடி வந்தது. ஷவுகத் அலி கல்லாவில் ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பி நின்றுகொண்டார். நல்லவர்களுக்கு எப்போது முதுகைக் காட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா? அப்பா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

நடேசனின் பெயர் திரையில் வந்தால் அவர் மகளுக்குத் தோன்றுவது இதுதான். அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"ஒண்ணும் ஆகலம்மா. அம்மா இங்கதான், என் எதிர்ல நல்லா இருக்கா." சாவித்திரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வந்து... நிலா தெரியுதான்னு பாரு."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"என்னப்பா?"

"நிலாம்மா. இன்னிக்குச் சதுர்த்தி. இங்க மூடிகிட்டு இருக்கு. அம்மா இன்னும் சாப்பிடல. உங்க மாடிக்குப் போய்க் கெழக்கால பாரு."

"இருங்க, இருங்க! ராகவ், அந்த மாடி சாவி எங்க?" செருப்புச் சத்தம் கேட்டது. கதவு இழுபட்டது. படி ஏறுகிற மூச்சு கேட்டது. குழந்தையாக இருந்தபோது ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறிய அதே மூச்சு. நடேசன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சாவித்திரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயும் மேகம்தான்ப்பா... இல்ல, இருங்க, நகருது." ஈரத் தரையில் செருப்பு நகரும் சத்தம். "அப்பா! வந்துட்டுது! எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மேல. மேல்பக்கம் கொஞ்சம் தேஞ்சு, ஆரஞ்சா இருக்கு."

'நல்லா பாத்தியா? விளக்கு எதுவும் இல்லையே?' என்ற கேள்வி, இருபத்தேழு வருஷப் பழக்கத்தில், நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வர்ஷாவே பேசினாள். குரலில் இருந்த சந்தோஷம் திடீரென்று அடங்கியிருந்தது.

"போட்டோ எடுத்து அனுப்பறேன்ப்பா. பாத்துட்டு அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நடேசனுக்குப் புரிந்தது. வாசலில் நின்றவளிடம் தான் சொன்ன வார்த்தையை அவள் மறக்கவில்லை. வெறும் சொல்லாக ஒன்றை அப்பாவிடம் கொடுக்க இப்போதும் அவளுக்குப் பயம்.

"வேணாம்மா" என்றார். "போட்டோ எதுக்கு? நீ சொன்னா போதும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"வர்ஷா."

"ம்."

"அழாதே. நிலாவைப் பாத்தா கும்பிடணும். கும்பிடு. அம்மா சார்பா நீயே ஒரு கும்பிடு போடு." போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிகிட்டு வா. இங்க ஒரு புதுக் கடை இருக்கு. சைவம்தான். ஆனா..." நிமிர்ந்து பார்த்தார். ஷவுகத் அலி திரும்பி நின்றபடியே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். "ஆனா ஆளுங்க நல்லவங்க."

போனை வைத்ததும் சாவித்திரியிடம், "பாத்துட்டா" என்றார்.

"யார் பாத்தா?"

"நம்ம பொண்ணு."

சாவித்திரி கிழக்கே திரும்பினாள். அங்கே இருந்தது கைகழுவும் தொட்டியும் புதுச் சோப்பும்தான். அதைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். முன்னே நிலா என்று கிரேனைக் கும்பிட்டவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல் நின்றாள்.

அதற்குள் வஹீதுன்னிசா எழுந்து ஓடியிருந்தாள். அம்மி இறங்கும் சத்தம், ஈரத்துணி உதறும் சத்தம், இடியாப்ப உழக்கின் கீழ் மாவு நூலாக இறங்கும் சின்ன முனகல். ஆவி கடை முழுக்கப் பரவி, பெயின்ட் வாசனையை முதல்முறையாக வெளியே தள்ளியது. பன்னிரண்டு இடியாப்பம் வந்தது. தும்பைப் பூ நிறம், தொட்டால் உதிர்ந்தது. ஏலக்காய் தட்டிய தேங்காய்ப் பால் ஒரு கிண்ணம் நிறைய. சாவித்திரியின் சர்க்கரைக்காக அவள் பங்கில் வெல்லம் போடாமல் தனியே எடுத்து வைத்திருந்தாள் வஹீதுன்னிசா. யாரும் சொல்லவில்லை, மேஜைமேல் இருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தாள்.

"நீங்களும் உக்காருங்க" என்றாள் சாவித்திரி. "இல்லாட்டி நான் கை வைக்க மாட்டேன்."

"நல்லா மாட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே ஷவுகத் அலி இன்னொரு மேஜையை இழுத்து ஒட்டிப் போட்டார். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் பிஸ்மி சொன்னார். சாவித்திரி பிள்ளையாரை நினைத்தாள். முதல் வாய் உள்ளே போனதும் சாவித்திரியின் உதட்டில் நிறம் திரும்பியதை நடேசன் பார்த்தார். அதன் பிறகுதான் தன் தட்டில் கை வைத்தார். இடியாப்பம் தொண்டையில் நிற்காமல் இறங்கியது.

"எப்படி கீது சார்?" என்றார் ஷவுகத் அலி, பரீட்சை எழுதிய பையன் போல.

நடேசன் நிதானமாக மென்றார். "ஒரு குறையும் இல்ல பாய். தள்ளறதுக்கு ஒண்ணுமே இல்ல."

அப்போது பார்த்து ஸ்கூட்டரில் வந்த ஒரு இளம் ஜோடி வாசலில் நின்று பலகையைப் படித்தது. இரண்டு வரியையும் படித்தது. யோசித்தது. உள்ளே, நெற்றியில் விபூதியோடு ஒருவரும் தலையில் தொப்பியோடு ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கிண்ணத்துத் தேங்காய்ப் பாலை ஊற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தியது.

"வஹீதா!" என்று எழுந்தார் ஷவுகத் அலி. ஸ்டூல் மறுபடி சாய்ந்தது.

வீட்டுக்கு நடந்துபோகும்போது மணி பத்தே முக்கால். சாவித்திரி நடேசனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த மாசம் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள்.

"அதான் நீ வேண்டிகிட்டது நடந்துட்டுதே."

"நடந்துட்டா என்ன? கணக்கு பிள்ளையாரோட. பதினொண்ணுன்னா பதினொண்ணு." சில அடி நடந்த பிறகு சொன்னாள், "கண்ணு ஆபரேசனையும் செஞ்சுக்கிறேன். பொங்கல் வரைக்கும் தள்ள வேணாம். அடுத்த தடவை நானே பாத்துக்கிறேன்."

தெருமுனை திரும்பியதும் காற்று அடித்தது. வானத்தில் ஈயப் பூச்சு ஓரிடத்தில் கிழிந்திருக்க, சாவித்திரி சட்டென்று நின்றாள். கண்ணைச் சுருக்கினாள்.

"என்னங்க, ரெண்டு தெரியுது. எது?"

நடேசன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, கையை நீட்டிக் காட்டினார். "இடது பக்கம், மேல. அதுதான் நிலா. வலது பக்கம் கீழ இருக்கறது போன மாசத்தது."

சாவித்திரி சிரித்தாள். நடுத்தெருவில், முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமல் சிரித்தாள். பிறகு இடது பக்கம் திரும்பி நிதானமாகக் கும்பிட்டாள். கையை இறக்குவதற்கு முன் வலது பக்கமும் ஒருமுறை திரும்பினாள்.

"அதுக்கு எதுக்கு?"

"இருக்கட்டுமே. அன்னிக்கு என் வயித்துக்குச் சோறு போட்டது அதுதானே" என்றாள்.